ஓட்டையை அடைப்பதா, வழியைத் திறப்பதா: எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வரும் கசிவும் ஸ்டென்ட்டும்

போன மாதம் நண்பர் ஒருத்தர் தன் அக்காவோட டிஸ்சார்ஜ் சம்மரியை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "இதுல என்னதான் எழுதியிருக்காங்க, கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்றார். உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன். வீட்டுக்கு வந்தாச்சு. பத்தாவது நாள் காய்ச்சலோடு மறுபடி அட்மிஷன். வெட்டித் தைத்த ஓரத்தில் கசிவு. எண்டோஸ்கோபி வழியாக ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், ஆறு வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் கேட்டது இதுதான்: "ஓட்டைன்னா திறந்து தைச்சுட வேண்டியதுதானே? எதுக்கு உள்ள ஒரு கம்பி வலையை வச்சு ஆறு வாரம் காத்துக்கிட்டு இருக்கணும்?"

நல்ல கேள்வி. ரெண்டு வார இரவுகளை அது தின்றுவிட்டது. நான் டாக்டர் இல்லை, பி.ஈ. படித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். அதனால் இது வைத்தியக் குறிப்பு அல்ல. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து நான் புரிந்துகொண்டதைப் பிறருக்கும் புரியும்படி எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. இந்தக் கசிவை "ஓட்டை" என்று நினைக்கும் வரை சிகிச்சை புரியாது. "அழுத்தம்" என்று நினைத்தால்தான் புரிய ஆரம்பிக்கும்.

முதலில் ஆபரேஷன். இன்றைக்கு உலகத்தில் அதிகமாகச் செய்யப்படும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி. ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. நம் இரைப்பை ஒரு தொளதொளப் பை. இடதுபக்கம் பெரிதாக வளைந்து உப்பியிருக்கும் பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவத்தில் ஒரு ஒல்லிக் குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். முக்கால் பங்கு இரைப்பை போய்விடும். எவ்வளவு ஒல்லியாக விடுவது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பூஜி என்ற ரப்பர் குழாயை வாய் வழியாக உள்ளே இறக்கி, அதை ஒட்டியே வெட்டிக்கொண்டு போவார்கள். பூஜியின் பருமனை பிரெஞ்ச் என்ற அலகில் சொல்வார்கள், மூன்று பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். 36 பிரெஞ்ச் பூஜி என்றால் 12 மி.மீ., அதாவது நம் சுண்டுவிரல் பருமன்.

வெட்டுவதும் தைப்பதும் ஒரே கருவியில் நடக்கிறது. ஆபீஸ் ஸ்டேப்ளரின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அழுத்து அழுத்தினால் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகக் குட்டி டைட்டானியம் பின்கள் இறங்கும், நடுவில் ஒரு கத்தி ஓடும். ஒரு கார்ட்ரிட்ஜ் 60 மி.மீ. நீளம். ஐந்தாறு கார்ட்ரிட்ஜ் ஆகும். ஆக, முடிவில் இரைப்பையில் கிட்டத்தட்ட ஓரடி நீளத்துக்குத் தையல் கோடு இருக்கும்.

இந்த ஆபரேஷன் பிறந்த கதை சுவாரசியமானது. ரொம்பக் கூடுதல் எடை உள்ளவர்களுக்கு ஒரு பெரிய, சிக்கலான ஆபரேஷனை ஒரே தடவையில் செய்வது ஆபத்து என்று அதை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் பாதிதான் ஸ்லீவ். அதைச் செய்துவிட்டு, கொஞ்சம் எடை குறைந்ததும் இரண்டாவது பாதிக்கு வரச்சொன்னால், பலருக்கு முதல் பாதியிலேயே போதுமான அளவு எடை இறங்கியிருந்தது. சரி, இதுவே தனி ஆபரேஷனாக இருக்கட்டும் என்று ஆகிவிட்டது. தற்காலிக ஏற்பாடாகப் போட்ட கோட் நிரந்தரமாகத் தங்கிவிடுவதை என் தொழிலில் தினமும் பார்க்கிறேன்!

இப்போது கசிவு. 2012-ல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு 4,888 பேரை எடுத்துக்கொண்டு பார்த்தது. 2.4 சதவீதம் பேருக்குக் கசிவு. அடுத்த வருஷம் வந்த இன்னொன்றில் கணக்கு 2.2 சதவீதம். அனுபவமுள்ள இடங்களில் இப்போது ஒரு சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. நூற்றில் ஒன்று என்பது சின்ன எண்தான். ஆனால் உலகம் முழுக்க வருஷத்துக்கு லட்சக்கணக்கில் நடக்கும் ஆபரேஷன் இது. அந்த ஒருவராக இருப்பவருக்கு மாதக்கணக்கில் நீளக்கூடிய, சிலசமயம் உயிருக்கே வினையாகும் விஷயம்.

அந்த 2012 ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த எண் வேறு. கசிவுகளில் 89 சதவீதம் இரைப்பைக் குழாயின் மேல் மூன்றில் ஒரு பங்கில், அதாவது உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறது. ஓரடித் தையலில் எங்கு வேண்டுமானாலும் பின் கழன்றிருக்கலாமே! ஏன் எப்போதும் அதே மூலை? ஒரு பக் ஒரே லைனில் திரும்பத் திரும்ப வந்தால், அது தற்செயல் இல்லை, டிசைனில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

காரணம் ஒன்று: ரத்த ஓட்டம். மண்ணீரல் பக்கமிருந்து அந்த மூலைக்கு ரத்தம் கொண்டுவரும் குட்டிக் குழாய்களை இந்த ஆபரேஷனில் வெட்டியாக வேண்டும். போதாததற்கு அங்கே சுவர் மெல்லியது. இரைப்பையின் கீழ்ப்பகுதி தடியான தசை, மேல்மூலை மெல்லிய துணி. பின்னின் உயரம் சுவரின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். தடித்த இடத்துக்கான பின் மெல்லிய இடத்தில் தளர்வாக நிற்கும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது: அழுத்தம். இஸ்ரேலில் ஒரு குழு 2008-ல் ஆபரேஷன் மேஜையிலேயே இதை அளந்து பார்த்தது. முழு இரைப்பை சராசரியாக ஒன்றரை லிட்டர் பிடித்தது. ஸ்லீவ் ஆன பிறகு 130 மில்லி சொச்சம், ஒரு டீ டம்ளர். இரண்டு முனையையும் மூடித் திரவத்தால் நிரப்பினால் முழு இரைப்பையில் அழுத்தம் 34 மி.மீ. பாதரசம், ஸ்லீவில் 43. பெரிய பை ஒரு வாய் தண்ணீருக்கு விரிந்து கொடுக்கும். ஒல்லிக் குழாய் விரியாது, அழுத்தம்தான் ஏறும்.

கூடவே அந்தக் குழாய்க்கு இரண்டு பக்கமும் கதவு. மேலே உணவுக்குழாயின் வால்வு. கீழே இரைப்பையின் வாசலான பைலோரஸ். ஸ்லீவ் ஆபரேஷன் பைலோரஸைத் தொடுவதில்லை, அது தன்பாட்டுக்குத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு நடுவில் இரைப்பை மடங்கித் திரும்பும் ஒரு வளைவு. அங்கே கொஞ்சம் இறுக்கமாக வெட்டிவிட்டாலோ, தையல் கோடு நேராகப் போகாமல் முறுக்கிக்கொண்டாலோ, வழி குறுகிவிடும். எண்டோஸ்கோப் போகிறதே என்று அடைப்பு இல்லை என முடிவு கட்ட முடியாது. முறுக்கிய தோட்டத்து ஹோஸ் பைப்புக்குள் குச்சியை விட்டால் போகத்தான் செய்யும், தண்ணீர் போகாது.

ஆக, விழுங்கிய ஒவ்வொரு வாயும் கீழே வளைவில் தடுக்கி, பின்னுக்கு அழுத்தி, மெல்லிய சுவரும் குறைந்த ரத்த ஓட்டமும் உள்ள மேல்மூலையில் போய் முட்டுகிறது. லீக் இருப்பது மேலே, அதை ஆறவிடாமல் பண்ணுவது கீழே. 40 பிரெஞ்சும் அதற்கு மேலும் உள்ள பூஜியை வைத்துக் கொஞ்சம் தாராளமாக வெட்டியவர்களிடம் கசிவு 0.6 சதவீதம்தான், அதைவிட ஒல்லியாக வெட்டியவர்களிடம் 2.8 என்று அதே 2012 ஆய்வு சொல்கிறது. 2013 ஆய்வு இன்னொன்றும் சொன்னது: பூஜி அளவால் எடை குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. இறுக்கி வெட்டினால் இன்னும் இளைக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

பைபாஸ் ஆபரேஷனில் ஏற்படும் கசிவு பொதுவாக இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை. அங்கே இரைப்பைத் துண்டு நேராகச் சிறுகுடலில் திறக்கிறது, நடுவில் கதவு கிடையாது.

ஸ்டென்ட்டுக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். இந்தப் பதிவில் ஒரே ஒரு பத்திதான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். பின் சரியாக இறங்காததால் வரும் கசிவு முதல் ஓரிரு நாளிலேயே தெரியும். ரத்த ஓட்டம் குறைந்து சுவர் நைந்து வருவது ஐந்தாறு நாள் கழித்துத்தான். அதற்குள் நோயாளி வீட்டில் இருப்பார். பெரும்பாலான கசிவுகள் டிஸ்சார்ஜ் ஆன பிறகே கண்டுபிடிக்கப்படுகின்றன. ஆஸ்பத்திரியில் மறுநாள் சாயம் குடிக்கவைத்து எடுத்த படம் நன்றாக இருந்தது என்பது ஆறாம் நாளுக்கு உத்தரவாதம் ஆகாது. முதலில் மாறுவது பெரும்பாலும் நாடித் துடிப்பு. சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐத் தொட்டு, இறங்காமல் நின்றால், மற்றதெல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றினாலும் அது அலாரம். காய்ச்சல், மூச்சு வாங்குவது, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் வலி ஆகியவையும் அப்படித்தான். வயிற்றுக்குள் கசிந்தால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? கசிந்த திரவம் உதரவிதானத்தை உறுத்துகிறது, அதன் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவது, மூளை அதைத் தோள் வலி என்று கணக்கெழுதிக்கொள்கிறது. உடல் பருத்தவர்களுக்கு வயிறு கல் மாதிரி இறுகும் வழக்கமான அடையாளம் வெளியே தெரியாமலே போகலாம். "கேஸ் பிடிச்சிருக்கும், ஒரு ஜெலுசில் குடி" என்று பக்கத்து மெடிக்கலில் முடித்துக்கொள்ளும் நேரம் இது இல்லை. ஆபரேஷன் செய்த குழுவைக் கூப்பிட வேண்டும், ராத்திரி இரண்டு மணியானாலும். அவர்கள் வாய்வழிச் சாயத்தோடு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம். திறந்து தைத்தால் என்ன?

வீட்டில் பைப் லீக் ஆனால் ப்ளம்பர் என்ன செய்கிறார்? வந்தவுடன் எம்-சீலைப் பிசைவதில்லை. மாடிக்குப் போய் கேட் வால்வை மூடுகிறார். பைப்பில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடியவிடுகிறார். துணியால் துடைத்துக் காயவைக்கிறார். அப்புறம்தான் ஒட்டுகிறார். ஓடுகிற தண்ணீர்மேல், ஈரத்தின்மேல் எதுவும் ஒட்டாது.

இரைப்பைக் கசிவில் ஈரம் என்பது அமிலமும் எச்சிலும் சீழும். கசிந்து சில நாள் ஆன திசு வீங்கி, நைந்து கிடக்கும். அதில் ஊசி போடுவது நனைந்த அப்பளத்தில் தையல் போடுவது மாதிரி. நூல் இழுத்த இடம் கிழியும், ஓட்டை பெரிதாகும். முதல் ஓரிரு நாளில் கண்டுபிடித்தால் தைத்துப் பார்க்க வாய்ப்புண்டு. அதற்குப் பிறகு தையல் மட்டும் நம்பத்தக்கது அல்ல.

அதனால் வரிசை இப்படி: முதலில் வயிற்றுக்குள் தேங்கிய சீழை வெளியேற்று. ஸ்கேன் பார்த்து ஊசிவழியாகக் குழாய் போட்டோ, நோயாளியின் நிலை மோசமானால் உடனே லேப்ராஸ்கோபி செய்து கழுவி டிரெயின் வைத்தோ. கூடவே ஆன்டிபயாடிக். கூடவே உணவு, ஏனென்றால் புரதம் இல்லாமல் எந்தப் புண்ணும் ஆறாது, இவரோ வாயால் சாப்பிட முடியாதவர். இவ்வளவும் கையில் இருக்கும்போதுதான் ஸ்டென்ட்டுக்கு அர்த்தம். வெளியே சீழ் தேங்கியிருக்க உள்ளே ஸ்டென்ட்டை மட்டும் வைத்தால், குப்பையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது போல.

ஸ்டென்ட் செய்யும் வேலை மூன்று. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் தொடங்கி, ஓட்டையைத் தாண்டி, இரைப்பைக் குழாய்க்குள் போகும் ஒரு உறை இது. விழுங்கும் எச்சிலும் திரவமும் ஓட்டையைத் தொடாமல் உறைக்குள்ளேயே போய்விடுகின்றன. அதனால் கொஞ்சம் வாயால் குடிக்கவும் முடிகிறது. மூன்றாவது, பலர் சொல்ல மறப்பது: நீளம் போதுமானதாக இருந்தால் அந்தக் குறுகிய வளைவை உள்ளிருந்து விரித்து நேராக்குகிறது. முதல் வேலை ஓட்டையை மறைப்பது. மூன்றாவது வேலை ஓட்டை ஆறுவதற்கான காரணத்தையே உண்டாக்குவது. என் வாசிப்பில் மூன்றாவதுதான் பெரிது.

ஆனால் முதலில் கையில் இருந்த ஸ்டென்ட்கள் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் வழி அடைத்துப்போனவர்கள் கஞ்சியாவது விழுங்கட்டும் என்று செய்யப்பட்டவை. நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியக் கலவைக் கம்பியில் பின்னிய வலை. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் உருவாக்கிய உலோகம் அது. பெயரிலேயே இரண்டு உலோகங்களின் குறியும் அந்த ஆய்வுக்கூடத்தின் முதலெழுத்துகளும் ஒளிந்திருக்கின்றன. ஏவுகணை மூக்குக்குப் பொருள் தேடிக் கிளம்பியவர்கள் கண்டது, கடைசியில் பல் கிளிப்பிலும் கண்ணாடிச் சட்டத்திலும் மனித உணவுக்குழாயிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. கசக்கி ஒல்லிக் குழாய்க்குள் அடைத்து உள்ளே கொண்டுபோய் விட்டால், உடல் சூட்டில் தன் பழைய வடிவத்தை நினைவுபடுத்திக்கொண்டு தானாக விரியும்.

வைக்கும் விதம்: மயக்க மருந்து கொடுத்து, எண்டோஸ்கோப்பில் ஓட்டை எங்கே என்று பார்த்து, எக்ஸ்ரே திரையில் அடையாளம் வைத்து, மெல்லிய வழிகாட்டிக் கம்பியை முன்சிறுகுடல் வரை அனுப்பி, அதன்மேல் ஸ்டென்ட்டைச் சறுக்கவிட்டு விரிக்கிறார்கள். வயிற்றைக் கீறுவதில்லை.

இங்கேதான் வேடிக்கை. புற்றுநோயில் கட்டியே ஸ்டென்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கசிவில், ஓட்டை உள்ள இடத்தில் இறுக்கம் ஏதும் இல்லை. பிடிமானம் இல்லாத வலையை, அலை அலையாகச் சுருங்கி எல்லாவற்றையும் கீழே தள்ளுவதே தொழிலான ஒரு குழாயில் வைத்தால் என்ன ஆகும்? வழுக்கிக்கொண்டு போகும். முழுக்க சிலிகான் உறை போட்ட ஸ்டென்ட்களின் தலைவலி இது. குடலுக்குள் இறங்கிப்போய் ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிவந்த கதைகளும் உண்டு.

வழுக்காமல் இருக்க, இரண்டு ஓரத்திலும் உறை இல்லாத ஸ்டென்ட் வைக்கலாம். வெறும் வலைக் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நன்றாகப் பிடிக்கும், ஆறு வாரம் கழித்து எடுக்கப்போனால் விடாது. அதற்கும் ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தார்கள். அந்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே முழு உறை போட்ட இன்னொரு ஸ்டென்ட்டை வைப்பது. உள்ளே இருப்பது அழுத்த அழுத்த, வலைக் கண்களில் வளர்ந்த சதை ரத்தம் இல்லாமல் வாடிவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம். முள்ளை முள்ளால் எடுப்பது!

இன்னொரு வழி, முழு உறை ஸ்டென்ட்டையே வைத்து அதன் மேல் விளிம்பை உணவுக்குழாய்ச் சுவரோடு கிளிப் போட்டோ, எண்டோஸ்கோப் வழியாகவே தையல் போட்டோ நிறுத்துவது. நழுவுவது குறைகிறது, நின்றுவிடுவதில்லை. அப்புறம் இந்த வேலைக்கென்றே கொரியாவில் மெகாஸ்டென்ட் என்று செய்தார்கள். 18, 23 சென்டிமீட்டர் நீளம், அகலமும் அதிகம். உணவுக்குழாயில் தொடங்கி பைலோரஸைத் தாண்டி முடியும். மேலே வால்வு, நடுவில் வளைவு, கீழே பைலோரஸ் என மூன்று தடைகளையும் ஒரே குழாயில் கடந்துவிடுகிறது. அழுத்தக் கணக்குக்கு நேர்ப் பதில் இது. ஆனால் விலையும் உண்டு. கீழ்முனை முன்சிறுகுடல் சுவரில் உரசிப் புண்ணாக்கலாம், ரத்தம் கசியலாம், சிலருக்குத் துளையே விழுந்திருக்கிறது.

வெற்றி விகிதம் எவ்வளவு? 2012-ல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று ஸ்டென்ட் வைத்தவர்களில் சுமார் 88 சதவீதம் பேருக்குக் கசிவு மூடியது, 17 சதவீதம் பேருக்கு ஸ்டென்ட் நழுவியது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஏழு ஆய்வும் சேர்ந்து மொத்தம் 67 பேர்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சேர்ந்தே டிரெயின், சேர்ந்தே ஆன்டிபயாடிக், சேர்ந்தே ஊட்டச்சத்து. இவற்றில் எது எவ்வளவு குணப்படுத்தியது என்று பிரிக்க ஸ்டென்ட் வைக்காத ஒரு குழு ஒப்பிட இல்லை. ஒரே ரிலீஸில் நாலு மாற்றம் போட்டுவிட்டு, பக் போனதற்கு எதைக் காரணம் சொல்வது? நான் இதைச் சொல்வது ஸ்டென்ட் வேண்டாம் என்பதற்கு அல்ல. 88 என்ற எண்ணைக் கேட்டு, "அப்போ பத்துல ஒன்பது பேருக்குச் சரியாயிடும்" என்று நினைத்து, இரண்டாவது ஸ்டென்ட்டுக்கு நாள் குறித்ததும் இடிந்துபோகிறார்களே, அவர்களுக்காக. ஒரே ஸ்டென்ட்டில் முடிவது அதிர்ஷ்டம். நழுவி, மாற்றி, மறுபடி வைத்து என்று இரண்டு மூன்று முறை ஆவது இந்தச் சிகிச்சையின் இயல்பான நடை.

நேரமும் முக்கியம். ஸ்லீவ் வல்லுநர்கள் 2012-ல் வெளியிட்ட பொதுக் கருத்தில் கசிவை நாள் கணக்கில் பிரித்தார்கள்: முதல் வாரத்துக்குள் ஒன்று, ஆறு வாரம் வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று, பன்னிரண்டு வாரம் தாண்டினால் நாள்பட்டது. ஸ்டென்ட் ஆரம்பக் கட்டத்துக்கான ஆயுதம். முப்பது நாளைத் தாண்டிவிட்டால் அது ஓட்டையை மூடும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது அவர்கள் முடிவு. ஏன் என்று யோசித்தால், நாளாக ஆக அது வெறும் ஓட்டை இல்லை, தனக்கென்று சுவர் கட்டிக்கொண்ட பாதை. வெளியே ஒரு சீழ்ப் பை, அதற்கும் இரைப்பைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர். உள்ளிருந்து திரை போட்டால் அந்தப் பை அப்படியேதான் இருக்கும்.

அந்த நிலைக்கு வேறு தந்திரங்கள் வந்தன, எல்லாமே தலைகீழ் யோசனை. பிரான்ஸில் பிரபலமானது, இரண்டு முனையும் பன்றிக்குட்டி வால் மாதிரி சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை ஓட்டை வழியாகவே நுழைப்பது. ஒரு முனை சீழ்ப் பைக்குள், மறுமுனை இரைப்பைக்குள். ஓட்டையை அடைக்காமல் திறந்தே வைத்து, சீழை உள்பக்கமாக வடியவிடுகிறார்கள். பை சுருங்கச் சுருங்க ஓட்டையும் சுருங்கும். பிரேசில்காரர்கள் ஒரு படி மேலே போய், அந்தத் தடுப்புச் சுவரையே வெட்டி, பையையும் இரைப்பையையும் ஒன்றாக்கிவிட்டு, கீழே குறுகிய வளைவை பலூனால் விரித்தார்கள். ஜெர்மனியில் வளர்ந்த முறை, பஞ்சு கட்டிய குழாயைப் பைக்குள் வைத்து வேக்யூமில் உறிஞ்சுவது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் எண்டோஸ்கோபி. நாட்டுக்கு ஒரு கருவி. ஆனால் மூன்றும் சொல்வது ஒன்றே: வெளியே தேங்கியதை வடி, கீழே வழியைத் திற, ஓட்டை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். பல இடங்களில் இப்போது ஸ்டென்ட்டுக்கு முன்பே இந்த முறைகளுக்குப் போகிறார்கள்.

இதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது. "ஓட்டை மூடிடுச்சா?" என்பதைவிட, வெளியே சீழ் தேங்கியிருக்கிறதா, அது எந்த வழியாக வடிகிறது, கீழே வளைவில் குறுகல் இருக்கிறதா, வைத்த ஸ்டென்ட் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறதா என்று கேட்கலாம். நண்பரும் அக்காவோடு போனபோது இவற்றைத்தான் ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப்போனார். டாக்டர் ஸ்கேனைத் திரையில் போட்டு இருபது நிமிஷம் விளக்கினாராம்.

ஸ்டென்ட்டோடு வாழ்வது சுகமான விஷயம் இல்லை. முதல் சில நாள் நெஞ்சுக்கு நடுவே வலி, குமட்டல், வாந்தி. உணவுக்குழாயின் வால்வை ஸ்டென்ட் திறந்தே பிடித்திருப்பதால் அமிலம் மேலே ஏறும். அமிலம் குறைக்கும் மாத்திரை, தலைமாட்டை உயர்த்திப் படுப்பது, முதலில் திரவம், பிறகு கூழ். வாயால் போதுமான அளவு போகாதவர்களுக்கு மூக்கு வழியாகச் சிறுகுடல் வரை போகும் உணவுக்குழல். இந்த நாட்களில் வாந்தி நிற்காமல் இருந்தால் தயமின், அதாவது வைட்டமின் பி1, பற்றிக் கட்டாயம் கேளுங்கள். எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆனவர் வாரக்கணக்கில் வாந்தி எடுத்தால் பி1 தீர்ந்துபோய், நடை தள்ளாடி, பார்வை இரட்டையாகி, மூளையே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அப்படிப்பட்டவருக்கு குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும். விலை மலிவான ஊசி, மறந்தால் விலை அதிகம்.

வலி திடீரென்று இடம் மாறினாலோ, அடங்கியிருந்த வாந்தி மறுபடி ஆரம்பித்தாலோ ஸ்டென்ட் நழுவியிருக்கலாம். ஒரு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பு மலம் என்றால் காத்திருக்கக் கூடாது. அபூர்வமாக, பக்கத்திலுள்ள பெரிய ரத்தக்குழாயை ஸ்டென்ட் அரித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

எடுக்கும் தேதி தள்ளிப்போடக் கூடிய தேதி இல்லை. பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம். உடம்பு தேறிவிட்டது, தீபாவளி முடியட்டும் என்று தள்ளினால் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும், ஓரங்களில் புண் ஆழமாகும். எடுப்பதும் எண்டோஸ்கோபிதான். ஸ்டென்ட்டின் மேல் விளிம்பில் சுருக்குப் பை மாதிரி ஒரு கயிறு இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் வாய் சுருங்கி சுவரை விட்டு விலகும், மெதுவாக வெளியே கொண்டுவருவார்கள். அங்கேயே சாயம் விட்டுப் பார்ப்பார்கள். கசியவில்லை என்றால் திரவம், கூழ், குழைந்த சாதம் என்று படிப்படியாக ஏறலாம். இன்னும் கொஞ்சம் கசிந்தால் அடுத்த ஸ்டென்ட், அல்லது அந்தச் சுருள்வால் குழாய்கள். மாதக்கணக்கில் எதற்கும் ஆறாமல், சீழ்ப்பாதை உதரவிதானத்தைத் துளைத்து நுரையீரல் வரை போய், தண்ணீர் குடித்தாலே இருமல் வருகிற அளவுக்கு முற்றியவர்களுக்குத்தான் கடைசியாக மறுபடி பெரிய ஆபரேஷன்: சிறுகுடலை மேலே இழுத்துவந்து ஓட்டையின் வாயிலேயே இணைப்பது, அல்லது மிச்ச இரைப்பையையும் எடுத்துவிடுவது. முதலில் சொன்னது கொஞ்சம் ஆச்சரியமானது, யோசித்துப் பாருங்கள். அங்கேயும் ஓட்டையை யாரும் அடைப்பதில்லை, அதற்கு ஒரு வடிகால்தான் கட்டித் தருகிறார்கள்.